தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

மன்னவனூரில் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு மூட்டையாக லாரி ஏறிய மூன்று பேரைப் போன வாரம் பாதி வழியில் விட்டுவிட்டோம். இப்போது அவர்கள் கொடைக்கானல் பஸாரில் இறங்கி நிற்கிறார்கள். மலை மஞ்சு இன்னும் கலையவில்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்று விசாலாட்சிக்குத் தெரியவில்லை.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரில் ஆளுக்கொரு டாக்டரைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பஸாருக்குள்ளே ஒருவர் இருக்கிறார், பிள்ளையைத் தொட்டாலே சரியாகிவிடும் என்று ஒருத்தி சொன்னாள். மிஷன் ஆஸ்பத்திரியை விட்டால் வேறு கதி இல்லை என்று இன்னொருத்தி அடித்துச் சொன்னாள். லாரி ஓட்டிவந்த சின்னச்சாமியோ, "டாக்டரெல்லாம் எதுக்குங்க, பூசாரிகிட்ட ஒரு கயிறு வாங்கிக் கட்டுங்க" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான். கேட்கக் கேட்க விசாலாட்சியின் தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம்.

பிள்ளை நாத்தனார் பிச்சையம்மாளின் தோளில் கிடந்தது. ஒன்றரை வயதுப் பையன். கம்பளிக்குள்ளிருந்து தெரிந்த முகம் மெழுகு நிறத்தில் வெளுத்திருந்தது.

இந்தக் குடும்பத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. விசாலாட்சி பெற்றது மூன்று. முதல் இரண்டும் பல் முளைத்து, நடை பழகி, அப்புறம் வெளுத்து, வயிறு உப்பி, கையை விட்டுப் போய்விட்டன. மூன்றாவது பிறந்த அன்றைக்கே நாத்தனார் பிச்சையம்மாள் ஒரு முறம் தவிட்டோடு வந்து நின்றாள். தவிட்டை வாசலில் கொட்டினாள். "இந்தா தவிடு. குடு பிள்ளைய" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று முதல் அது பிச்சையம்மாளின் பிள்ளை. தவிட்டுக்கு வாங்கியதால் பெயர் தவிட்டான். பழனி மலைக்குப் போய் முடியிறக்கி, வாங்கிய தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்கிறவரை பெற்றவள் அதை 'என் பிள்ளை' என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால், யார் காதில் விழக் கூடாதோ அவன் காதில் விழுந்துவிடும். இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோனவனுக்கு மூன்றாவது இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

விசாலாட்சி கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுத்தாள். வெளியே வந்ததும் நாத்தனார் கையில் கொடுத்துவிட்டாள். பையன் பேசப் பழகியபோது பிச்சையம்மாளை 'அம்மா' என்றும் அவளை 'அத்தை' என்றும் கூப்பிட்டான். அந்த அத்தைக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. இருந்தாலும் பிள்ளை உயிரோடு இருந்து கூப்பிடுகிறதே என்று பொறுத்துக்கொண்டாள்.

"இப்படியே நின்னா எப்படி? வெரசா நட" என்றாள் பிச்சையம்மாள். "பஸார் டாக்டரப் பாப்போம். அதுக்கப்புறம் மத்தது."

விசாலாட்சி இடுப்பில் செருகியிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அது புருஷன் ஞானவேல் கொடுத்த இன்சூரன்ஸ் கார்டு. மதுரையில் மில் வேலை அவனுக்கு. சித்திரையில் வந்திருந்தபோது அதைக் கையில் கொடுத்து, பாடம் நடத்துகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான். "பிள்ளைக்கு ஒண்ணுன்னா கண்ட எடத்துலயும் காட்டாத. போர்டுல எம்.பி.பி.எஸ். இருக்கான்னு பாரு. அதுக்குப் பக்கத்துலயே டி.சி.ஹெச். இருந்தா அவுங்கதான் பிள்ளைகளுக்குன்னே படிச்ச டாக்டரு. இந்தக் கார்டுக்குப் பாப்பீங்களான்னு முதல்லயே கேட்டுக்க."

எட்டாவது வரை பழனியில் படித்தவள் அவள். அந்த எழுத்துகளை அடுப்பு ஊதும்போதுகூடச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணியிருந்தாள்.

பஸார் டாக்டரின் போர்டு கடையைவிட அகலமாக இருந்தது. அதில் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம். படத்துக்குக் கீழே தங்கமுத்து என்ற பெயர். பெயருக்குக் கீழே இரண்டு வரிக்கு இங்கிலீஷ் எழுத்து. விசாலாட்சி அண்ணாந்து நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் தேடிய எழுத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. சேர்ந்தாற்போல எங்கேயும் இல்லை.

"நீங்க பிள்ளைகளுக்குன்னு படிச்ச டாக்டருங்களா?" என்று கேட்டாள்.

தங்கமுத்து நல்ல மனிதர். கோபப்படவில்லை. "வருஷக்கணக்கா பிள்ளைகளத்தாம்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

"சரிங்க. படிச்சது?"

"அதான் போர்டுல போட்டிருக்கே."

"இந்தக் கார்டுக்குப் பாப்பீங்களா?"

"எந்தக் கார்டா இருந்தாலும் பாப்போம்" என்று வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். "ரேஷன் கார்டுதான? இதுல சீனி எங்க குறிக்கிறது?" என்று கேட்டார்.

விசாலாட்சி கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பிச்சையம்மாள் பிடித்துக்கொண்டாள். "மனுசன் தன்மையாத்தான பேசுனாரு. ஒனக்கு வேண்டியது டாக்டரா, வாத்தியாரா? போர்டப் படிக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

"அவுக சொல்லிருக்காக மதினி. பாத்துத்தான் காட்டணும்னு."

"அவன் மதுரையில உக்காந்துக்கிட்டு ஆயிரம் சொல்லுவான்."

அதைச் சொல்லும்போது பிச்சையம்மாளின் குரல் சட்டென்று தணிந்தது. விசாலாட்சி அதைக் கவனித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் தலைக்குள் இருந்த நெரிசலில் அதற்கு இடமில்லை.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு மேடேறிப் போனார்கள். அங்கே ஒரு நர்ஸ் பிள்ளையின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

"எங்க சில்ட்ரன் டாக்டர் லீவுல ஊருக்குப் போயிருக்காங்கம்மா. ஜூலையிலதான் வருவாங்க. ஜெனரல் டாக்டர் இருக்காங்க, பாக்குறீங்களா?"

"கார்டு எடுத்துக்கிடுவீங்களாங்க?"

நர்ஸ் பார்த்தாள். "இது மதுரை மில் இன்சூரன்ஸ். இதுக்குன்னு பேர் குடுத்த டாக்டர்ஸ் மட்டும்தான் பாப்பாங்க. இங்க செல்லாது." கொஞ்சம் யோசித்தாள். "ஏழு ரோடு சந்திப்பு தாண்டி ஒரு நீல கேட் வீடு இருக்கு. மதுரையிலிருந்து ஒரு லேடி டாக்டர் சீசனுக்கு வந்து உக்கார்றாங்க. அவங்க சில்ட்ரன் ஸ்பெஷலிஸ்ட்தான். இந்தக் கார்டுக்கும் மதுரையில பாக்குறவங்க. இங்க பாப்பாங்களான்னு போய்த்தான் கேக்கணும்."

ஸ்பெஷலிஸ்ட் இருக்கும் இடத்தில் கார்டு செல்லாது, கார்டு செல்லும் என்று சொன்ன இடத்தில் படிப்பு இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்கிற இடத்திலும் 'போய்த்தான் கேட்கணும்'. விசாலாட்சிக்கு அழுகையாக வந்தது. யாரிடம் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

ஏழு ரோட்டில் சீசன் கூட்டம் ஜேஜே என்றிருந்தது. கலர் கலராக ஸ்வெட்டர் போட்டவர்கள் குதிரைக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே மண் ஒட்டிய காலோடு இரண்டு பெண்கள் நீல கேட்டைத் தேடிக்கொண்டு போனார்கள்.

கேட்டில் தொங்கிய போர்டு உள்ளங்கை அகலந்தான். சிவபாக்கியம். பக்கத்தில் எம்.பி.பி.எஸ். அதற்கும் பக்கத்தில் டி.சி.ஹெச்.

விசாலாட்சி இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கிவிட்டது. சாமி படத்தைப் பார்த்துக்கூட அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு ஆறுதல் வந்திருக்காது.

வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் வேலுச்சாமி. டாக்டரம்மாவுக்குக் கம்பவுண்டரும் அவர்தான், கணக்கரும் அவர்தான். கார்டை வாங்கி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பாப்போம்மா. வியாழன், வெள்ளி மட்டும் இங்கயும் இந்தக் கார்டுக்குப் பாக்க அனுமதி வாங்கியிருக்காங்க. இன்னைக்கு வெள்ளிதான்."

தேடிய எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டது. கதை இத்தோடு முடிந்திருக்கலாம்.

"பிள்ளைய பெத்தவங்க யாரு?" என்று கேட்டார் வேலுச்சாமி.

"நாந்தாங்க" என்றாள் பிச்சையம்மாள்.

"பேரு?"

"பிச்சையம்மாள்."

வேலுச்சாமி கார்டைப் பார்த்தார். "இதுல ஞானவேல் சம்சாரம் விசாலாட்சின்னுல்ல இருக்கு?"

"அது இவ. ஞானவேல் என் தம்பி."

"பிள்ளை பேரு?"

"தவிட்டான்."

"கார்டுல சேனாதிபதின்னு இருக்கே. அந்தப் பையன் எங்க?"

பிச்சையம்மாள் பிள்ளையின் கம்பளியை இழுத்துச் சரிசெய்தாள். விசாலாட்சி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். சேனாதிபதி என்று பதிந்து வைத்தவன் ஞானவேல். அந்தப் பெயரை வீட்டில் ஒருவர்கூட இதுவரை கூப்பிட்டதில்லை.

வேலுச்சாமி பொறுமையாக விளக்கினார். "அம்மா, கார்டு இவங்க வீட்டுக்காரர் பேர்ல. இவங்களுக்குப் பாக்கலாம், இவங்க பிள்ளைக்குப் பாக்கலாம். அக்கா பிள்ளைக்கு இந்தக் கார்டு செல்லாது. செல்லணும்னா அந்தச் சேனாதிபதியக் கூட்டிட்டு வாங்க."

"கார்டு கெடக்கட்டும்" என்றாள் பிச்சையம்மாள். "நான் காசு குடுத்துப் பாத்துக்கிடுறேன். உள்ள விடுங்க."

அவள் தாராளத்தை மெச்சத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைக்காகக் காட்டையே விற்கச் சொன்னாலும் விற்பாள். விசாலாட்சிக்கு அது தெரியும். அதனால்தான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவும் முடியவில்லை.

டாக்டர் சிவபாக்கியம் ஐம்பதை எட்டியவர். அதட்டலும் இல்லை, சிரிப்பும் இல்லை. பிள்ளையைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கேள்வி கேட்கக் கேட்க எழுதிக்கொண்டே போனார்.

"இவனுக்கு முன்னால எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு பேருங்க" என்றாள் பிச்சையம்மாள்.

"எப்படி இருக்காங்க?"

"அவங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்காங்க. மூத்தவன் பூண்டுக் காட்டுல ஏர் பிடிக்கான். எளையவ சமைஞ்சுட்டா."

"அவங்களுக்குச் சின்ன வயசுல இப்படி வெளுப்பு இருந்துச்சா?"

"இல்லைங்க."

"பிரசவத்துல உங்களுக்கு ஏதாவது?"

"வலி எடுத்து ஒரு நாழிகைகூட ஆகலைங்க."

ஒரு பதிலும் பொய்யில்லை. எல்லாமே வேறு பிள்ளைகளுக்கான பதில்கள். மூலையில் நின்ற விசாலாட்சிக்கு எது யாருடைய கதை என்றே குழம்பிவிட்டது. நல்ல பிரசவம், நல்ல பிள்ளைகள், நல்ல ரத்தம். கேட்கக் கேட்க, இது தன் பிள்ளைதானா என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

டாக்டர் பேனாவை மூடினார். "குடும்பத்துல ஒண்ணும் கோளாறு தெரியல. பூச்சியிருக்கும், சாப்பாட்டுல சத்தும் பத்தல. பூச்சி மருந்தும் இரும்புச் சத்து டானிக்கும் தர்றேன். ஒரு மாசம் கழிச்சுக் காட்டுங்க."

வேலுச்சாமி பாட்டிலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கறுஞ்சிவப்புத் தண்ணீர். மூடியைத் திறந்து அளவு காட்டினார். துருப்பிடித்த ஆணி வாசம் அறைக்குள் வந்தது.

விசாலாட்சிக்கு அந்த வாசம் தெரியும்.

"அது வேண்டாங்க" என்றாள்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா?"

"வள்ளிக்கு இதத்தான் குடுத்தோம். பொன்னுவேலுக்கும் இதேதான் குடுத்தோம். ரெண்டு பேரும் ஒழுங்காக் குடிச்சாங்க."

"அது யாரு வள்ளி, பொன்னுவேல்?"

பிச்சையம்மாள் அவள் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. "விசாலம். வேண்டாந்தாயி. முருகன் பேரச் சொல்லி வாங்கியிருக்கேன். இன்னும் முடியெறக்கல. பேசாம இரு."

அவள் மிரட்டவில்லை, கெஞ்சினாள். அதுதான் விசாலாட்சியை இன்னும் பயமுறுத்தியது. சொன்னால் எமன் கேட்டுவிடுவான். சொல்லாவிட்டால் டாக்டருக்குக் கேட்காது. இரண்டில் எது பெரிய தப்பு என்று சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை. படித்த எழுத்துகளைத் தேடித் தேடி அலைந்து கண்டுபிடித்த டாக்டர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பொய்க் கணக்கைக் கொடுத்துவிட்டு, மூன்றாவது பிள்ளைக்கும் அதே பாட்டிலை வாங்கிப் போவதா?

பிள்ளை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. "அத்த" என்றது.

"நான் அத்தையில்லைங்க" என்றாள் விசாலாட்சி. "அவன் எம்பிள்ளை. நான் பெத்தது. கார்டுல இருக்குற சேனாதிபதி இவன்தான். இவனுக்கு முன்னால ரெண்டு பேரு, வள்ளியும் பொன்னுவேலும். ரெண்டு பேரும் இதே மாதிரி வெளுத்து, வயிறு பெருத்து, ரெண்டு வயசு முடியும் முன்னாலயே போயிட்டாங்க."

சொல்லி முடித்துவிட்டு வாசலைப் பார்த்தாள். யாராவது உள்ளே வருகிறார்களா என்று பார்ப்பதுபோல. யாரும் வரவில்லை. வெளியே குதிரை ஒன்று கனைத்தது.

டாக்டர் பிச்சையம்மாளைப் பார்த்தார். "அப்ப நீங்க?"

"நான் தவிட்டுக்கு வாங்குனவங்க" என்றாள் பிச்சையம்மாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிவபாக்கியம் மதுரைக்காரர். தவிட்டுக்கு வாங்குவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுதிய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். புதுத் தாள் எடுத்தார்.

"உங்க மேல தப்பு சொல்லல. பிள்ளை பிழைக்கணும்னுதான் செஞ்சீங்க. ஆனா எங்கிட்ட சொல்றது யாரு காதுக்கும் போகாது. இப்ப முதல்ல இருந்து வருவோம்." விசாலாட்சியைப் பார்த்தார். "நீயும் உன் வீட்டுக்காரரும் சொந்தமா?"

"அவுக என் சொந்த அத்தை மகன்தாங்க."

டாக்டர் மறுபடியும் பிள்ளையின் வயிற்றில் கை வைத்தார். இந்தத் தடவை இடது விலாவுக்குக் கீழே வெகுநேரம் கை நின்றது. பிள்ளையின் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். விசாலாட்சியின் ரத்தத்தையும் எடுத்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது சத்துக் குறைவு மட்டும் இல்ல. தாய் தகப்பன் ரெண்டு பேர்கிட்ட இருந்தும் ரத்தத்துல இறங்கி வர்ற கோளாறோன்னு சந்தேகப்படுறேன். அப்படின்னா அந்த டானிக்கால பிரயோஜனமில்ல, கெடுதல்கூட. உன் ரத்தத்தப் பாத்துட்டேன். உன் வீட்டுக்காரர் ரத்தத்தையும் பாத்தாத்தான் எந்த வழியில போறதுன்னு தெரியும். அவர் வரணும். வெரசா வரணும். அதுவரைக்கும் பிள்ளை இங்கயே என் கண்ணு முன்னால இருக்கட்டும்."

"பிழைச்சுக்கிடுவானாங்க?"

"காலத்துல வந்திருக்கீங்க. அத மட்டும் இப்ப சொல்றேன்."

எமன் காதில் விழுந்ததோ இல்லையோ, டாக்டர் காதில் விழுந்துவிட்டது. காலையிலிருந்து முதல் தடவையாக விசாலாட்சிக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரிந்த மாதிரி இருந்தது.

அதுவும் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

கார்டும் பெயரும் பொருந்திவிட்டதில் வேலுச்சாமிக்குத்தான் பெரிய நிம்மதி. கார்டு நடப்பில் இருக்கிறதா என்று மில்லில் கேட்டுக்கொள்வது வழக்கம். ஞானவேலையும் உடனே கிளம்பிவரச் சொல்லிவிடலாம். ஒரே ட்ரங்க் காலில் இரண்டு சோலியும் முடியும். லைன் கிடைக்க மத்தியானம் தாண்டிவிட்டது. விசாலாட்சி வராந்தாவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரறிய மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முந்தானையால் மூடக்கூட இல்லை.

வேலுச்சாமி போனை வைத்துவிட்டு வந்தார். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. இறக்க மறந்திருந்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் மில்லுலதான இருக்காரு?"

"ஆமாங்க."

"தை மாசமே நின்னுட்டாராம். இப்ப அந்தப் பேர்ல ஆளே இல்லங்குறாங்க. கார்டும் செல்லாதாம்."

விசாலாட்சிக்குப் புரியவில்லை. தை போய், மாசி போய், பங்குனி போய், சித்திரையில் வந்தானே. கார்டை அவன்தானே கையில் கொடுத்தான். மில் சங்கு ஊதுகிற சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்றுகூடச் சொன்னானே. நின்றவனுக்கு எந்தச் சங்கு ஊதியது?

"வேற யாரையோ சொல்லுறாங்க" என்றாள். "நல்லாக் கேட்டீங்களா?"

"தகப்பன் பேர் வரைக்கும் கேட்டேம்மா."

அவள் நாத்தனாரைப் பார்த்தாள்.

தம்பிக்கு வேலையில்லை என்று கேட்ட அக்காள் 'என்ன' என்று கேட்கவில்லை. 'எங்கே போனான்' என்று பதறவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். காலையில் பஸாரில் தணிந்த குரல் இப்போதுதான் விசாலாட்சிக்குச் சரியாகக் கேட்டது.

"ஒங்களுக்குத் தெரியும்" என்றாள்.

பிச்சையம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"மதினி, ரெண்டு பேரப் பறிகுடுத்த எடத்துல வாயப் பொத்தி வச்சுத்தான் மூணாவதும் போகப் பாத்துச்சு. பிள்ளை யாருதுன்னு நான் சொல்லிட்டேன். ஒங்க தம்பி எங்க இருக்காருன்னு நீங்க சொல்லுங்க."

பிச்சையம்மாள் தூணோடு சரிந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"பாலசமுத்திரத்துல."

பழனிக்குப் பக்கத்து ஊர். விசாலாட்சி பிறந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே அவனுக்கு என்ன சோலி, யார் வீட்டில் இருக்கிறான், எத்தனை நாளாக இருக்கிறான்? எல்லாக் கேள்வியும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தது. ஒன்றையும் அவள் கேட்கவில்லை. இன்றைக்கு வேண்டியது அவன் ரத்தம். மற்றக் கணக்கை அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம்.

"சாயந்தர பஸ் இருக்கு. கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"நீயி?"

பையன் தூக்கத்தில் சிணுங்கினான். விசாலாட்சி அவனைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் எம்பிள்ளைகிட்ட இருக்கேன்."